பக்கத்து வீட்டுப் படகு

மலாய் நாட்டில் சிகாமட் ஊர்ப்பக்கம் நிலம் மலிவு என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் படகுகளோடு காலம் தள்ளியவன் நான். சொந்தமாக ரப்பர்த் தோட்டம் போடும் ஆசையில் ஒரு தமிழ்த் தரகரை நம்பி, ரயிலிலும் மாட்டுவண்டியிலுமாக அங்கே போனேன். நிலம் காய்ந்து கிடந்தது. கண்ணுக்கெட்டியவரை ஆறு இல்லை. ஆனால், பக்கத்து மலாய்க்காரரின் வீடு உயரமான மரக்கால்கள் மேல் நின்றது; அதற்கு அடியில் ஒரு படகு கட்டியிருந்தது.

"இங்க எதுக்குப் படகு?" என்றேன்.

"தூரத்து ஆத்துக்கு மீன் பிடிக்கப் போவாங்க. நம்ம ஆளையே ஏமாத்துவேனா?" என்றார் தரகர்.

நிலத்தை வாங்கி, குடிசை போட்டு, குடும்பத்தோடு குடியேறினேன். மழைக்காலத்தில் அந்த ஆறு குடிசைக்கே வந்துவிட்டது. கைக்குழந்தையோடு கூரைமேல் என் மனைவி அலறினாள். அந்தப் படகுதான் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது.

"வருஷா வருஷம் வர்ற வெள்ளமாச்சே, தரகர் சொல்லலையா?" என்று மலாயில் கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

தரகரைத் தேடிப் பிடித்தேன். "வெள்ளத்தைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே!" என்றார், வெற்றிலையை மென்றபடி. பாவி! அவர் வீடு மேட்டில் இருக்கிறது.

இப்போதெல்லாம் நிலம் பார்க்கப் போனால், தரகர் பேசப் பேச நான் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அடியில் குனிந்து பார்க்கிறேன். படகு இருந்தால், அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறேன்.