வானத்திலிருந்து ஒரு போட்டோ

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் நாங்கள் குடியிருந்த தெருவை விண்வெளியிலிருந்து படம் எடுக்கப்போகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான்தான். அப்போது நான்காம் வகுப்பு.

செய்தி மாமாவுடையது. அம்மாவின் தம்பி, தங்கவயலிலிருந்து வந்து, எங்களோடு தங்கி, பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்தார். விண்வெளி நிலையத்திலிருந்து இரவில் எடுத்த பெங்களூர் படத்தைச் செல்போனில் காட்டினார். கறுப்புக் கம்பளியில் பூந்தி கொட்டியதுபோல ஒரே வெளிச்சம்.

"இதுல நம்ம வீடு எங்க மாமா?"

"லைட்டு பத்தல, அதான் தெரியல. இன்னிக்கி சாயந்திரம் ஏழு மணிக்கு நம்ம தலைக்கு மேலயே போறாங்க. எல்லாரும் மாடியில லைட்டப் போட்டு நின்னா போட்டோவுல உழுந்துடும். எதிர் வீட்லயும் சொல்லிடு, மறந்துடாத."

வீட்டுக்கார ஆன்ட்டி, தன் வீடும் தெரியுமா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு மொட்டை மாடியைக் கழுவ ஆரம்பித்தார். அப்பா ஷேவ் செய்துகொண்டார். அம்மா பட்டுப்புடவை கட்டினாள். எதிர் வீட்டு நர்ஸ் அக்கா மட்டும் சிரித்தாள். "வரேன்னு உங்க மாமாகிட்ட சொல்லு" என்றாள். நான் மாமாவின் பேச்சையே எடுத்திருக்கவில்லை.

சாயங்காலம் மாடிகளெல்லாம் ஜனம். தீபாவளிக்கு வாங்கிய சீரியல் பல்புகள்கூட எரிந்தன. ஏழு மணிக்குச் சற்று முன்பு கரண்ட் போனது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருவே என் பேச்சை நம்பி நின்றுகொண்டிருந்தது; படத்தில் நாங்கள் வெறும் இருட்டாக விழப்போகிறோம்.

அப்போது எதிர் மாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "செல் டார்ச்ச மேல காட்டுங்க, எல்லாரும்!"

ஒவ்வொரு மாடியாக வெளிச்சம் முளைத்தது. யாரோ பைக்கின் ஹெட்லைட்டைப் போட்டார்கள். அதே நேரம் மேற்கே ஒரு புள்ளி எழுந்தது. விமானம்போல மினுக்காமல், சத்தமே இல்லாமல், வெள்ளையாக எங்கள் தலைக்கு மேலே வந்தது. கரண்ட் இருந்திருந்தால் அவ்வளவு பளிச்சென்று பார்த்திருக்க மாட்டோம். தெருவே கூச்சல் போட்டது. அப்பா விசிலடித்தார். ஆன்ட்டி இரண்டு கையையும் ஆட்டி வானத்தைக் கூப்பிட்டார். நான் குதித்த குதியில் கொலுசு கழன்று போனது.

மாமா மட்டும் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மேல பாரு மாமா, போயிடப் போவுது!"

"பாத்துனுதான் இருக்கேன்" என்றார், எதிர் மாடியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே.

புள்ளி கிழக்கே போய் மறைந்தது. அடுத்த தை மாதம் அந்த அக்கா எனக்கு அத்தையானாள். கல்யாணப் பந்தலில்கூட, அவ்வளவு அருமையான காட்சியைக் கோட்டை விட்ட மாமாவை நினைத்து நான் பரிதாபப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.