பச்சைக் கறை

அன்று காலைதான் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையருகே நின்ற சரசக்காவை எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தேன். "கண்ணுக்கே தெரியாத கறைக்கெல்லாம் பனியனக் கழிச்சுப் போட்டா நான் கம்பெனி நடத்தறதா, வேண்டாமாங்க்கா?"

மதியம் பெருமாநல்லூரில் எங்கள் கம்பெனி வாசலிலேயே என் பழைய கார் மறுபடியும் கொதித்து நின்றது. இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட் தினமும் குறையும். தரையிலோ ஒரு சொட்டுகூட இருக்காது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தும் ஒழுகும் இடம் அகப்படவில்லை. மறுநாள் காலை அம்மாவை டயாலிசிஸுக்குக் கோவை கூட்டிப்போக வேண்டும். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

சரசக்கா ஒரு கை வெள்ளைக் கட்டிங் வேஸ்ட் துணித் துண்டுகளோடு வந்தார். இன்ஜின் ஆறியதும் குழாய்கள் சேரும் இடத்திலெல்லாம் ஒவ்வொரு துண்டைச் சுற்றிக் கட்டினார்.

"வெள்ளத் துணிகிட்ட எந்தக் கறையும் தப்பாதுங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

கூலன்ட் ஊற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். ஹீட்டர் குழாயில் கட்டிய துண்டில் மட்டும் கடுகளவு பச்சை. அங்கே மயிரிழை வெடிப்பு. கசிந்ததெல்லாம் சூட்டிலேயே காய்ந்துபோயிருக்கிறது. மாலைக்குள் மெக்கானிக் குழாயை மாற்றிவிட்டார்.

மறுநாள் கோவை வரைக்கும் அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வந்தார்.

திரும்பியதும், சரசக்கா கழித்திருந்த பனியன்களில் ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். கறை இருந்தது. திட்டுவதற்கு முன்னால் ஒருமுறையாவது இப்படிப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.