பத்திநாதர் தவறவிட்ட படகு

நெடுந்தீவில் பத்திநாதரை விரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணப் புறப்பட்டால் ஒரு விரல் மடக்கவும் ஆள் கிடைக்காது. அவருடைய மனைவி றெஜினாவைச் சேர்ப்பதா விடுவதா என்பது அன்றன்றைய நாளைப் பொறுத்தது. மனிதர் அரசாங்கப் படகில் கயிறு பிடித்தே தலை நரைத்தவர். நேரம் வந்தால் கயிற்றை அவிழ்த்துவிடுவார். ஓடி வருகிறவர் பள்ளிக்கூட அதிபரா, கோயில் உபதேசியாரா, தன் சொந்த மச்சானா என்று திரும்பியும் பார்க்கமாட்டார். ஒருமுறை கலியாண மாலைகளோடு ஓடி வந்த மாப்பிள்ளையின் தாய்மாமனை அக்கரையில், குறிகட்டுவான் இறங்குதுறையில், நிற்க வைத்துவிட்டு வந்தார். கலியாணம் கடதாசிப் பூ மாலையோடு நடந்தது. அந்த வீட்டார் இன்றைக்கும் அவரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று சொல்லித்தான் றெஜினாவின் தகப்பன் அவருக்குப் பெண் கொடுத்தார். அரசாங்க உத்தியோகம் கடைசிக் காலத்தில் கைவிடாது என்பது அந்த மனிதரின் நம்பிக்கை. பத்திநாதருக்கும் அதே நம்பிக்கை இருந்தது. ஓய்வூதியத்தில் மாதா மாதம் மருத்துவக் காப்புறுதிக்கென்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். மற்ற எதற்குப் பிடித்தாலும் ஊர் கேட்கத் திட்டுகிறவர் அதற்கு மட்டும் வாய் திறந்ததில்லை.

றெஜினாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. மாட்டின் மடியைக் கையால் தடவித்தான் கண்டுபிடிப்பாள். படகிலிருந்து இறங்கும்போது இறங்குதுறைக்கும் படகுக்கும் நடுவில் கால் வைக்கப் போனவளை யாரோ எட்டிப் பிடித்ததால் தப்பினாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குப் பதிந்து, காத்திருந்து, ஒருவழியாக நாள் கிடைத்தது. அந்த நாளில் கடல் கொந்தளித்துப் படகு ஓடவில்லை. கடல் கொந்தளித்ததற்கு அத்தாட்சி கேட்பார்களோ என்னவோ, போகாதவளின் பெயர் வரிசையின் அடிக்குப் போய்விட்டது.

இனிப் பொறுக்க ஏலாதென்று பத்திநாதர் பால் மாடு ஒன்றை விற்றார். தனியார் வைத்தியசாலையில் ஒரு கண்ணின் புரையை வெட்டுவது, காப்புறுதி அந்தக் காசைத் திருப்பித் தந்ததும் அதைக் கொண்டு மற்றக் கண்ணை வெட்டுவது என்பது திட்டம். எஞ்சியிருப்பது ஒரு பால் மாடு. அதையும் விற்றால் குசினியில் அடுப்பு எரியாது. போன வருடம் இதே சத்திரசிகிச்சைக்கு றெஜினாவின் தமக்கை காலையில் போய்ப் பின்னேரப் படகில் வந்து, காப்புறுதிக் காசும் குறையாமல் எடுத்தவள். ஆகவே யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் சட்டம் மாறிவிட்டது. சுற்றறிக்கை தீவுக்கும் வந்தது. பிரதேச செயலகத்தில் ஓய்வூதிய வேலையைப் பார்க்கிற தேனுஜன் காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் ஓடுகிறவன். ஓய்வுபெற்ற பிறகும் பழக்கதோஷத்தில் இறங்குதுறையில் போய் நிற்கிற பத்திநாதரைக் கண்டு, காப்புறுதியில் ஒரு மாற்றம் வந்திருக்கு, நாளைக்கு ஒப்பீசுக்கு வாங்கோ அண்ணை என்று ஓட்டத்திலேயே சொன்னான். முதலில் படகில் ஏறும், கதையைப் பிறகு பார்ப்போம் என்று இவர் விரட்டினார். மாற்றமென்றால் பிடிக்கிற தொகையைக் கூட்டியிருப்பார்கள், வேறென்ன என்று நினைத்து ஒப்பீசுப் பக்கம் போகவுமில்லை. தொகையைக் கூட்டியதும் உண்மைதான்.

தீவார் செத்தவீட்டில் அழுதாலும் ஒரு கண் மணிக்கூட்டில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் கால் வைத்த நிமிடமே திரும்புகிற படகின் நினைவு வந்துவிடும். பத்திநாதருக்கு அது இரட்டிப்பு. சத்திரசிகிச்சை முடிந்ததும் வைத்தியர் வந்து, இரத்தத்தில் சீனி ஏறியிருக்கு, இன்று இரவு இங்கே நிற்கட்டும், காலையில் கண்ணைப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார். மாட்டை யார் கறப்பது என்று பத்திநாதர் கேட்டார். வைத்தியரிடம் அதற்கு மருந்தில்லை. சொந்த விருப்பத்தில் போகிறோம் என்று தாதி நீட்டிய கடதாசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணில் கட்டோடு நின்ற றெஜினாவை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அவள் அவர் போட்டிருந்த சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கயிறு அவிழ்வதற்கு முன் இரண்டு பேரும் படகில் இருந்தார்கள். அன்று முழுக்க அந்த மனிதருக்கு அப்படியொரு பெருமை.

கண் நன்றாகத்தான் வந்தது. காசுதான் வரவில்லை. ஏன் வரவில்லையென்று கேட்க யாழ்ப்பாணத்திலிருந்த காப்புறுதி அலுவலகத்துக்குப் போனார். அங்கே கதிரையில் நிலாந்தி என்றொரு பிள்ளை இருந்தாள். புதுச் சட்டப்படி ஒரு இரவாவது வைத்தியசாலைப் படுக்கையில் இருந்திருக்கவேண்டும், வைத்தியர் நிற்கச் சொல்லியும் தாங்களாக வெளியேறியவர்களுக்கு ஒன்றுமே கிடையாது என்று பொறுமையாகச் சொன்னாள். வைத்தியசாலைக்குப் போகாமலே பற்றுச்சீட்டுக் கொண்டு வந்து காசெடுத்தவர்கள் இருந்தார்களாம். அந்தக் கள்ளரைப் பிடிக்கப் போட்ட வலையாம் இது. கள்ளர் எல்லாம் வலையைக் கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள். அகப்பட்டது றெஜினாவின் கண்.

"பிள்ளை, இந்தச் சட்டம் எழுதினவருக்கு நெடுந்தீவு எங்க கிடக்கெண்டு தெரியுமோ?" என்று பத்திநாதர் கேட்டார். "பின்னேரப் படகை விட்டா இரவு ஆரின்ர வீட்டுத் தாழ்வாரத்தில படுக்கிறதெண்டு அவர் சொல்லுவாரோ?"

"எனக்குத் தெரியும் ஐயா. நானும் தீவுதான், எழுவைதீவு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா தீவில இருக்கிறதை ஒரு காரணமா எழுத இந்தப் படிவத்தில இடமில்லை."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரிக்கு மனமிருந்தது, சாமிதான் கொழும்பில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. பத்திநாதருக்கு இரத்தம் தலைக்கேறியது. அப்படியென்றால் தன் ஓய்வூதியத்தில் பிடிப்பதை இந்த நிமிடமே நிறுத்தச் சொன்னார். அதை நிறுத்த ஏலாது, எல்லோருக்கும் கட்டாயம் என்றாள். அந்தப் பிடிப்பு மட்டும் ஒரு நாளும் படகைத் தவறவிட்டதில்லை என்று அவர் கத்தினார். உள்ளறையிலிருந்து மேலதிகாரி எழுந்து வந்தார். அவரோடும் சண்டை. மேலதிகாரி அலுத்துப்போய், மேன்முறையீட்டுக் குழு நாளைக்குக் காலையில் இங்கேதான் கூடுகிறது, வேண்டுமென்றால் வந்து சொல்லுங்கள் என்றார். நெடுந்தீவிலிருந்து அந்த நேரத்துக்கு வந்து சேர ஏலாது என்று தெரிந்துதான் அவர் அப்படிச் சொன்னாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

சண்டையில் பஸ் தவறியது. அடுத்த பஸ் குறிகட்டுவானில் போய் நின்றபோது டிலான் கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பத்திநாதருக்குக் கீழ் வேலை பழகி, அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவன். இவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவன் கண்டான். கண்டபடியே கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் போட்டான்.

"கோவிக்காதேங்கோ அண்ணை, நீங்கள் பழக்கினதுதான்" என்றான். படகு ஏற்கெனவே விலகியிருந்தது. அவன் கேலி செய்யவில்லை. அதுதான் பத்திநாதரை இன்னும் எரித்தது.

வாய் நிறையத் தூஷணம் இருந்தது, எறிய ஆளில்லை. அந்த நேரம் பார்த்து றெஜினா தொலைபேசியில் வந்தாள். காசு இல்லையென்று சொல்லிவிட்டார்களா என்று கேட்டாள். ஓம் என்றார். வைத்தியர் நிற்கச் சொன்ன அந்த ஒரு இரவு நிற்காததால்தானாம் என்பதையும் சொன்னார். ஓடச் சொன்னது அவர். அவள் சேட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவள். மற்றக் கண்ணைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"இப்ப எங்க நிண்டு கதைக்கிறியள்?" என்றாள்.

"குறிகட்டுவானில. படகு போயிட்டுது."

அவள் சிரித்தாள். அவ்வளவு நல்ல சிரிப்பில்லை.

"அப்ப இண்டைக்கு இரவு வெளியிலதானே நிக்கப்போறியள். அந்த இரவை என்ர கண்ணுக்கு எழுதச் சொல்லி அவையளிட்டைக் கேளுங்கோ."

மாட்டைத் தான் கறப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். பத்திநாதர் இறங்குதுறையில் நின்று யோசித்தார். நாளைக் காலையில் குழு கூடும் அந்த அலுவலகம் திறக்கும்போது வாசலில் நிற்கக்கூடிய நெடுந்தீவான் இன்று அவர் ஒருவர்தான். கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டில் மிச்சமிருந்தது. யாழ்ப்பாணம் திரும்புகிற கடைசி பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தார், ஓடவில்லை.