வேப்பம்பூவுக்குக் கீழே இருபது நாள்

இந்தப் பங்குனியில் தினம் ஓர் இயற்கைப் படம் போடுவதாக உங்களிடம் சவால் விட்டிருந்தேன் அல்லவா? குரும்பகரத்தில் ஒரு வீட்டு வாசல் வேப்பமரம். அதில் ஒரே கிளையை, மொட்டிலிருந்து பூ வரை இருபது நாளாகப் போனில் படமெடுத்துவந்தேன்.

இன்று போனால் கிளையில் ஒரு பூகூட இல்லை.

"என்னக்கா, பூவெல்லாம் எங்க?"

வீட்டுக்கார அக்கா ஒரு பையை நீட்டினார்.

"தெனமும் போன நோண்டுற மாதிரி நின்னுக்கிட்டுப் பூவையே பாக்குறீங்க. கேக்கக் கூச்சப்படுறீங்கன்னு நானே உலுக்கி வச்சிட்டேன். நெய்யில வறுத்து ரசம் வைங்க."

படத்துக்குத்தான் வந்தேன் என்று சொல்லாமல் பையை வாங்கிக்கொண்டேன்.

ஆகவே இன்றைய படம், ரசத்தில் மிதக்கும் வேப்பம்பூ. இதையும் இயற்கையில் சேர்த்துக்கொள்வீர்களா?

அந்த வீட்டுக் கொல்லையில் மாமரமும் காய்த்துத் தொங்குகிறது. நாளையிலிருந்து அதன் கீழே நின்று போனை நோண்டலாமென்று இருக்கிறேன்.