ஐம்பது இருக்கும்

எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதால் வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் நச்சு. அரசின் மக்கள்தொகைத் தரவை வயதுவாரியாக வரைய நிரல் எழுதியிருந்தாள். வரைபடமோ முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என ஐந்தின் மடங்குகளில் மட்டும் முள்முள்ளாகக் குத்திட்டு நின்றது. மதிப்பீட்டு அறைக்குள் அடுத்துப் போக வேண்டியது அவளும் அவள் ப்ராஜெக்ட் கூட்டாளியும். நிரல் தப்பென்றால் இந்தப் பருவமே வீண்.

"சராசரி போட்டு மழுப்பிடு நச்சு. சார் கிழிச்சிடுவாரு," என்றான் கூட்டாளி.

"ப்ரோக்ராம்ல தப்பில்லடா." அவள் திரையில் ஒரு முள்ளைத் தொட்டாள். "உங்கப்பாவுக்கு என்ன வயசு?"

"இப்ப எதுக்கு அது? ஐம்பது இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

அவன் மறுபடியும் திரையைப் பார்த்தான். கணக்கெடுக்க வந்தவரிடமும் ஊரே இப்படி 'இருக்கும்' போட்டு, ஐந்திலோ பூஜ்யத்திலோ முடியும்படிதான் வயதைச் சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. ஒரு முள்ளையும் ஒடிக்காமல் மடிக்கணினியைத் தூக்கினாள்.

"சார் ஒத்துக்கலைன்னா?"

"அவர் வயசையும் கேட்டுடலாம், வா."