விலைச்சீட்டின் அடியில்

காரைக்குடி பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு செருப்புக்கடை. பழுப்பு ஷூ ஒன்றை மோந்து பார்த்து, தோல்தான் என்று முடிவுகட்டி, பில் போடச் சொல்கிறேன். கடைக்கார அம்மா பாத்திமா ஷூவின் நாக்கை மடக்கி, விலைச்சீட்டை நகத்தால் உரிக்கிறார். அடியில் ஷூவின் மேல், உள், அடிப்பாகங்களுக்கு மூன்று சின்னப் படங்கள்; ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி.

“விரிச்ச தோல் மாதிரி இருந்தாத்தான் தோலு. வலை போட்டிருந்தா துணி. இதுல மூணும் சாய்சதுரம். ரெக்ஸின், ரப்பர் அந்த மாதிரி. நீங்க தோலுதான கேட்டீக?”

“சொல்லாம வித்திருக்கலாமே,” என்கிறேன்.

“வித்திருக்கலாம். கால் புழுங்குறப்பல்லாம் என்னையத்தான நெனப்பீக.”

தோலில் என் அளவு இல்லை. வெறுங்கையோடு படியிறங்கித் திரும்பிப் பார்க்கிறேன். உரித்த விலைச்சீட்டை அவர் ஷூவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார், அடுத்து வருபவருக்குக் குறிகள் தெரியும்படி.