மோட்டார்க்காரர் துடைத்த புகையிலை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டத்து மோட்டாரைச் சரிசெய்ய வந்தவர் அவர். ஒல்லி உடம்பு, கிரீஸ் ஏறிய விரல்கள்.

வெற்றிலைக்கென்று நான் வளர்த்த புகையிலையில் மண் ஒட்டியிருந்தது. தொட்டியில் அலசி ஈரத்தோடு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இப்பிடி அடுக்குனா அத்தனையும் அழுகிப் போயிருமுங்க."

"உன்ற சோலியப் பாரு" என்று சீறினேன்.

மோட்டார் ஓடியதும் அவர் கிளம்பவில்லை. சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினார். இலைகளைக் கொடியில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகப் பழந்துணியால் துடைத்தார். அடிப்புறத்து மண்ணையும் விடவில்லை. வெட்கத்தோடு நானும் ஒரு துணியை எடுத்தேன்.

ஓர் இலைகூட அழுகவில்லை. பதமானதும் ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நான் போடறதில்லீங்க" என்று சிரித்தார்.

"அப்பறம் எதுக்கு அன்னிக்கு அந்தப் பாடு?"

"நல்ல எலைங்க. கெடறதப் பாத்துட்டு எப்பிடிப் போறது?"

இவரிடம்தான் உன் சோலியைப் பார் என்றேன். கெடுவதைச் சரிசெய்யும் அந்தச் சோலியைத்தான் பார்த்திருக்கிறார்.